நான் சொல்லாத நம்பர்

என்னை ரயில்வே கேட்டிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தூக்கியது உண்மை. ஏன் தூக்கினார்கள் என்பதைத்தான் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்களோடு கட்டிப் புரண்டேனாம், மாப்பிள்ளைக் கார் மேல் கல் விட்டேனாம், வெடி வைத்து ஆரத்தித் தட்டைக் கவிழ்த்தேனாம். வெடி வைத்தது நான்தான். தட்டு தானாகக் கவிழ்ந்தது.

என் பேர் இருளாயி. பரமக்குடிப் பக்கம் சொந்த ஊர். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் இருந்தார். அவர் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது, ஓசூரில் போட்டார்கள். சம்மட்டி பிடித்தேன், வெயிலில் ஜல்லி தள்ளினேன். முதுகு விட்டுப்போய், கேட் கீப்பர் வேலை கொடுங்கள் என்று கேட்டபோது கேங் மேஸ்திரி சிரித்தார். "பொம்பளைக்கு கேட்டு சரிப்படாதும்மா. ரோட்ல போறவன் பேசற பேச்ச உன்னால கேக்க முடியாது" என்றார். கேங்கில் கேட்காத பேச்சா? நடையாய் நடந்து, கடைசியில் ஓசூருக்கு வடக்கே ஒரு கேட்டில் தற்காலிகமாகப் போட்டார்கள். ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம். ஏதாவது தப்பு நடந்தால் மறுபடி சம்மட்டி. அந்தக் கேட்டுக்கு வந்த முதல் பொம்பளை நான் என்பதால், எப்போது தப்பு நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குறைவில்லை.

கேட் வேலை என்றால் கம்பத்தை ஏற்றி இறக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது கை செய்யும் வேலை. இரும்புக் கைப்பிடியைத் திருகினால் இரண்டு பக்கக் கம்பமும் இறங்கும், பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நிஜமான வேலை வாய் செய்வது. எங்கள் கேட் சிக்னலோடு சேராத பழைய கேட். அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது ரயில் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கும் தெரியாது. அவர் எனக்குப் போன் போட்டு, இன்ன ரயில் கிளம்பப் போகிறது என்பார். நான் கேட்டைச் சாத்தி, பூட்டி, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் கொடுத்திருக்கும் தாளில் அடுத்து இருக்கும் நம்பரைச் சொல்வேன். பிரைவேட் நம்பர் என்று பெயர். அது காதில் விழுந்தால்தான் அவர் ரயிலை விடுவார்.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். பிறந்த வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பில்லை. புகுந்த வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேங்கில் கேட்கவே வேண்டாம். இங்கே, ஒரு ரயில் நிறைய ஜனங்கள், படித்தவர், படிக்காதவர், குழந்தை குட்டி அத்தனை பேரும், நான் வாயைத் திறக்கிறவரை பிளாட்பாரத்தில் காத்திருப்பார்கள்.

எனக்கு முன்னால் அந்தக் கேட்டில் இருந்தவர் ஆஞ்சப்பன். உள்ளூர்க்காரர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் குளித்து, விபூதி பூசி, பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட் ரூமுக்கு வந்துவிடுவார். வெளியாள் உள்ளே உட்காரக் கூடாது என்று சட்டம். நான் வந்த புதிதில் பாம்பு எந்தப் பக்கமிருந்து வரும், எந்தக் கம்பெனி பஸ்காரன் கம்பத்தில் மோதுவான் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், அந்த முகத்துக்காக விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் காலத்தில் ஒரு ரயில்கூட இந்தக் கேட்டுக்காக நின்றதில்லை. எப்படி நிற்கும்? மணி அடித்ததும் முதலில் நம்பரைச் சொல்லிவிடுவார், அப்புறம் மெல்ல எழுந்துபோய் கேட்டைச் சாத்துவார். "வண்டி ஸ்டேசன வுட்டு வர்றதுக்குள்ள ஒரு பீடியே குடிச்சிரலாம்மா" என்பார். மாஸ்டர்களுக்கும் அது சௌகரியம். அவர் அதிர்ஷ்டம், ஒரு ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை. நான் சாத்தின பிறகுதான் சொல்வேன். அதனால் எனக்கு 'மெதுவு' என்று ஸ்டேஷனில் பெயர். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோவிந்தப்பன் வீட்டுக் கல்யாணம் வந்தது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் வைத்திருக்கும் குடும்பம், அதில் ரோஜா சாகுபடிக்குப் பந்தல் போட்டவர்கள். மூத்த மகள் ஜெயப்ரியாவை கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் கொடுக்கிறார்கள். கோவிந்தப்பன் ஊரில் ஒரு வழக்கம், மாப்பிள்ளையை ஊர் எல்லையில் நிறுத்தித்தான் ஆரத்தி எடுத்து அழைத்து வர வேண்டும். எல்லைக்கல் இருந்த இடத்தில்தான் ரயில் பாதை போட்டார்கள். கல் ஜல்லிக்கு அடியில் போய்விட்டது, எல்லை போகவில்லை. ஆகவே அந்த ஊர் மாப்பிள்ளைகள் எல்லாரும் தண்டவாளத்தின் மேல் நின்றுதான் ஆரத்தி வாங்கிக்கொள்கிறார்கள்.

முதல் நாள் சாயங்காலம் கோவிந்தப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். ஆஞ்சப்பன் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு காலைல மாப்பிள வருவாரும்மா. கொஞ்சம் பாத்துக்க" என்றார் கோவிந்தப்பன்.

"ஐயா, கல்யாணத்துக்கு அவசியம் வர்றேன். ஆரத்திய கேட்டுக்கு அங்கிட்டு எடுங்க, இல்ல இங்கிட்டு எடுங்க. நடுவுல வேணாம்."

"எல்லை நடுவுலதானம்மா கீது."

"எல்லையில ரயில் போகுதுங்கய்யா."

அவர் சிரித்தார். ஆஞ்சப்பனும் சிரித்தார். "பாத்துக்கலாம் வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய மனிதர்கள் பாத்துக்கலாம் என்றால் நீ சொன்னது காதில் விழவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்கள் போய் ரோடு சற்று ஓய்ந்த நேரம். ஸ்டேஷன் மாஸ்டர் விஜயகுமார் போன் போட்டார். பெங்களூர் போகும் எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் தயாராக நிற்கிறது, கேட்டைச் சாத்து என்றார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு முன்னால் ஆஞ்சப்பன் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கம்பம் இறங்கிவிட்டது. பூட்டியும் விட்டார். எல்லாம் சரிதான். இரண்டு கம்பத்துக்கும் நடுவில், தண்டவாளத்தின் மேல், மல்லிகைப்பூ சுற்றிய வெள்ளைக் கார் நின்றது. காரைச் சுற்றி முழுக் கல்யாணக் கூட்டம்.

அவர் காலத்தில் இப்படித்தானாம். கல்யாணத்தை உள்ளே விட்டு கேட்டைச் சாத்திவிட்டால், பஸ்ஸும் லாரியும் வந்து தொந்தரவு செய்யாது. ரயிலுக்குச் சாத்துகிற கேட்டைக் கல்யாணத்துக்கு வேலியாகப் போட்ட ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

போன் மறுபடி அடித்தது.

"நம்பர் சொல்லும்மா" என்றார் மாஸ்டர்.

"சொல்ல முடியாது சார்."

"கேட்டு சாத்தியாச்சா, இல்லியா?"

"சாத்தியிருக்கு சார். உள்ள கல்யாணம் நடக்குது."

"கோவிந்தப்பன் வீட்டு கல்யாணமா?" என்றார். அவருக்கும் பத்திரிகை போயிருந்தது. "அவங்க முடிச்சிருவாங்கம்மா. நீ நம்பரக் குடு. வண்டி அங்க வர்றதுக்குள்ள ஏறிப் போயிருவாங்க. கேட்டுதான் பூட்டியிருக்கே, இதுல என்ன பொய் இருக்கு?"

"நம்பர் கம்பத்துக்கு இல்ல சார், தண்டவாளத்துக்கு. அது காலியானதும் சொல்றேன்."

"வண்டி நின்னதுக்கு உன் பேர்லதான் டிடென்ஷன் எழுதுவேன். உன்ன நிரந்தரமாக்குற ஆர்டர் எங்க கெடக்குதுன்னு தெரியும்ல? ஒரு வண்டி நின்னா அது அங்கயே கெடக்கும்."

"எழுதிக்கங்க சார்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி கூடுதலாக இருந்தது.

வெளியே ஓடினேன். மேளக்காரர்கள் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள், தேங்காய் உடைக்க ஒருவர், வீடியோ எடுப்பவர், பட்டுப் பாவாடையில் குழந்தைகள். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கி, தலைப்பாகையோடு, கிழக்குப் பார்த்து நின்றார். தண்டவாளம் அவர் இரண்டு காலுக்கும் நடுவில்.

"எல்லாரும் வெளிய போங்க. ரயில் நிக்கிது" என்றேன்.

"ஆரத்தி பாதியில நிக்கக்கூடாதும்மா" என்றார் கோவிந்தப்பன்.

"அப்ப காரைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க."

கூட்டமே என்னை முறைத்தது. எல்லைக்கு வந்த மாப்பிள்ளை ஒரு அடிகூடப் பின்னால் போகக் கூடாதாம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையைக் கூப்பி, "ஐது நிமிஷா அம்மா, அஷ்டே" என்றார். ஐந்து நிமிடம்தானாம். நல்ல மனிதர், பாவம். அவர் ஊரில் எல்லை எங்கே இருக்கிறதோ.

நான் குழந்தைகளைக் கையைப் பிடித்து வெளியே தள்ளத் தொடங்கினேன். ஒரு குழந்தையை இந்தப் பக்கம் விட்டால் அடுத்தது அந்தப் பக்கமிருந்து கம்பத்துக்கு அடியில் நுழைகிறது. கம்பத்தை ஏற்றினால் ஒரு பக்கம் வெளியேறுவார்கள் என்று பூட்டுச் சாவிக்கு இடுப்பைத் தொட்டேன். சாவி இல்லை, கேட்டைப் பூட்டின ஆஞ்சப்பனிடமே இருந்தது. அவரைத் தேடித் திரும்பினேன். கேட் ரூம் ஜன்னலில் தெரிந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார்.

நான் வாசற்படி ஏறும்போது போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "குடுத்துட்டன் போ. உன் பேர்ல ஒண்ணும் வராது."

"என்னத்தக் குடுத்தீங்க?"

"நம்பரதான். அடுத்தது எதுன்னு தாள்லதான் கீதே. மாஸ்டருக்கு என் கொரல் தெரியாதா? சரிண்ணா, வண்டிய வுடறன்னாரு."

அந்த ஒரு கணம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் வாய்க்குள் கையை விட்டு யாரோ நாக்கைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தான் பேசினது மாதிரி இருந்தது. போனை எடுத்துச் சுற்றினேன். மணி போகிறது, எடுப்பார் இல்லை. வண்டி கிளம்பிய நேரத்தை மாஸ்டர் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். அப்புறம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சிவப்புக் கொடியையும், அவசரத்துக்கென்று டப்பாவில் வைத்திருக்கும் தண்டவாள வெடிகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன்.

இந்த வெடி தீபாவளி வெடி போல இருக்காது, தட்டையாக மருந்து டப்பா மாதிரி இருக்கும். தண்டவாளத்தில் மாட்டிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும். சத்தம் கேட்டால் ஓட்டுகிறவர் எந்த யோசனையும் இல்லாமல் பிரேக் போடுவார். எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் விதி சொன்ன தூரம் போகவில்லை, என் கால் போன தூரம் போனேன். ஜல்லியில் செருப்பு எங்கேயோ கழன்றது. வளைவுக்கு முன்னால் மாட்டிவிட்டு, கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு பாதைக்கு நடுவில் நின்றேன்.

வண்டி வளைவில் திரும்பியது. ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. வெடி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. பிரேக் பிடிக்கும்போது வரும் அந்தக் கிறீச்சுச் சத்தம் என் பல் வேர்வரை ஏறியது. எப்போது பாதையைவிட்டு ஒதுங்கினேன் என்று ஞாபகமில்லை, இன்ஜின் என்னைக் கடந்து மெல்ல நகர்ந்து போய் நின்றது. கேட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்ன வயல் அளவு இடம்தான் மிச்சம்.

வெடிச் சத்தத்தில் கல்யாணம் சிதறியிருந்தது. ஆரத்தித் தட்டு ஜல்லியில் கிடந்தது. ஒரு அடியும் பின்னால் போகக் கூடாத மாப்பிள்ளை, கேட்டுக்கு மேற்கே கர்நாடகத்தைப் பார்த்து நல்ல வேகத்தில் போயிருந்தார். வெள்ளைக் கார் மட்டும் தண்டவாளத்தின் மேல் அப்படியே இருந்தது. ஓட்டுநர் பெட்டியைவிட்டு இறங்கி வந்த லோகோ பைலட் கேட்டைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "என்னம்மா இது, பூட்டி வச்சிருக்க, உள்ள கார் நிக்கிது?" என்றார். "அத மாஸ்டரக் கேளுங்க சார்" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தம் தப்பவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். மாஸ்டர், கோவிந்தப்பன், ஆஞ்சப்பன். கோவிந்தப்பன் கையில் தாம்பூலப் பை. மாஸ்டர்தான் பேசினார்.

"இருளாயி, நாளைக்கு விசாரணை. யாருக்கும் சேதமில்லாம இத முடிக்கலாம். நம்பர் குடுத்தது நீ. குடுத்தப்ப பாதை காலியா இருந்துச்சு. அப்புறம்தான் கூட்டம் உள்ள பூந்துருச்சு. நீ உயிரக் குடுத்து ஓடிப்போயி வண்டிய நிறுத்துன. அவ்வளவுதான். பேப்பர்ல உன் போட்டோ வரும், அவார்டு வரும், கேட்டு உனக்கு நிரந்தரம். நானே எழுதித் தர்றேன்."

"நடந்ததச் சொன்னா?"

"வெளியாளுக்குப் போன் குடுத்ததுன்னு ஆயிரும். என்னயும் தூக்குவாங்க, ஆனா மொதல்ல போறது உன் கேட்டுதான். நல்லா யோசி."

ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "உன் நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நன்மை செய்கிறேன் என்று சொல்லித்தான் மூன்று பேரும் என் வாயை எடுத்துக்கொண்டார்கள். காலையில் நான் சொல்லாததை ஒருவர் சொன்னார். இப்போது நான் சொன்னதாகவே ஆகிவிடு என்கிறார்கள்.

தாம்பூலப் பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள்? "நல்லா இருக்கட்டும்யா உங்க மக" என்றேன். மற்றதற்குப் பதில் சொல்லாமல் கேட்டைத் திறக்கப் போனேன், பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

ராத்திரி தூங்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். தூங்கினேன். ஓடின களைப்பு.

விசாரணை ஸ்டேஷனில் நடந்தது. பெரிய அதிகாரி ஒருவரும், எழுதுகிறவர் ஒருவரும். மாஸ்டர் ஓரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரயிலுக்கு நம்பர் கொடுத்தது நீங்கதானே?" என்று கேட்டார் அதிகாரி. ஆமாம் என்று சொல்வதற்கு வசதியாகத்தான் கேட்டார்.

"நான் குடுக்கல சார்."

எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

"ஆஞ்சப்பன் அண்ணன் குடுத்தாரு. நான் பாதைய காலி பண்ண வெளிய நின்னேன். அவரு உள்ள உக்காந்து குடுத்தாரு. மாஸ்டர் சார் அவரு குரல்னு தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டாரு."

"வெளி ஆளை ஏன் ரூமுக்குள்ள விட்டீங்க?"

"அது என் தப்பு சார். தெனமும் வந்து உக்காருவாரு, பெரியவருன்னு விட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க வண்டியை நிறுத்தியிருக்கீங்க. அது உங்களுக்குச் சாதகம். ஆனா இப்படிச் சொன்னா நான் உங்களைக் கேட்ல வைக்க முடியாது. தெரியுதா? வேற ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க."

"கேட்டுல இருக்குறதே அந்த நம்பரச் சொல்லத்தான சார்" என்றேன். "நான் சொல்லாதத சொன்னேன்னு சொல்லிட்டு, மறுநா அதே நாற்காலியில உக்காந்து இன்னொரு நம்பரச் சொன்னா, அத நம்பி நீங்க ரயில விடுவீங்களா?"

அவர் எழுதுகிறவரைப் பார்த்து, எழுதுங்க என்று கையைக் காட்டினார்.

மாஸ்டரை வேறெங்கோ போட்டார்கள். என்னைக் கேங்குக்கு அனுப்பினார்கள். என் இடத்துக்கு ஜெகதீஷ் என்று ஒருவர் வந்தார், ராணுவத்தில் இருந்தவர், ஓசூரில் வீடு கட்டியிருக்கிறார். அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கப் போனேன். கேங் மேஸ்திரியும் வந்திருந்தார், நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. கேட் ரூமுக்குள் நுழைந்தால், ஆஞ்சப்பன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புது ஆளிடம் பாம்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கண்ணே" என்றேன்.

"இன்னா?"

"எந்திரிச்சு வெளிய போங்க."

"ஏம்மா, நீயே இங்கருந்து போறவ..."

"இன்னும் போகல. சாவி என் கையிலதான் இருக்கு. இது என் கையில இருக்குற வரைக்கும் இது என் கேட்டு. நீங்க கேட்டுக்கு வெளிய, ரோட்டுக்குப் போனப்புறம்தான் இவருக்குக் குடுப்பேன்."

மேஸ்திரி, "விடும்மா, போற நேரத்துல எதுக்கு" என்றார். ஜெகதீஷ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். மாஸ்டரின் போன் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நான், நான் வாசலைவிட்டு நகரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ஆஞ்சப்பன் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவர் கை தன்னாலேயே அதன் பக்கம் போனது.

"தொட்டீங்கன்னா இன்னிக்கும் ஒரு வண்டி நிக்கும்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். பேப்பரை மடித்தார். எழுந்து, என்னைத் தாண்டி, படி இறங்கி, கம்பத்தைக் கடந்து ரோட்டுக்குப் போய் நின்றார். கேட்டுக்கு வெளியே அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் போனை எடுத்து, "வேற ஆளு பொறுப்பெடுக்குறாரு சார், அவரு சாத்திட்டுச் சொல்லுவாரு" என்று புது மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஜெகதீஷ் கையில் சாவியைக் கொடுத்தேன். அப்புறம் மேஸ்திரியிடம் என் சம்மட்டி எங்கே என்று கேட்டேன்.